பரோட்டா மாஸ்டர் ஆக்கிய சாமைச் சோறு

எங்கள் வீட்டு அடுப்பை அப்பா பற்றவைத்ததை நான் முதன்முதலில் பார்த்தபோது எனக்குப் பத்து வயது. பார்த்ததும் திடுக்கிட்டுப்போய் அம்மாவை எழுப்ப ஓடினேன். வீட்டில் ஏதோ விபரீதம் நடந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஏனென்றால் அப்பா சமையல்காரர்.

அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஓட்டல் ஒன்றில் அப்பா பரோட்டா மாஸ்டராக இருந்தார். பெங்களூருக்கும் சேலத்துக்கும் போய்வரும் லாரிக்காரர்கள் அவர் கைப்பக்குவத்துக்காகவே வண்டியை ஓரங்கட்டுவார்கள் என்று ஊரில் பேச்சு உண்டு. மாவை அவர் வீசினால் துவைத்துக் காயப்போட்ட வேட்டி காற்றில் எழும்புவதுபோல் விரியும். ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்ட அந்த மனிதர் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடத் தானாக மொண்டு குடித்ததில்லை. அனலில் நின்றுவிட்டு வருகிற மனிதர் என்று அம்மாவும் அவரை அடுப்படிக்குள் விட்டதில்லை. பகல் பதினோரு மணிக்குப் போனாரென்றால் நான் தூங்கிய பிறகுதான் வருவார். நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது போர்வைக்குள் இருப்பார். ஞாயிற்றுக்கிழமையாவது பார்க்கலாம் என்றால் அன்றைக்குத்தான் பரோட்டாவுக்குக் கூட்டம். அவரை நான் அதிகமாகப் பார்த்தது ஓட்டல் வாசலில், தோசைக்கல்லுக்கு மேல் எழும் புகைக்குள்தான்.

அம்மா அப்போது ஏழு மாதம். வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நாள் அவளுக்கு ஒரு டம்ளர் நிறைய குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்துக் குடிக்கச் சொன்னார்கள். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்து ரத்தம் எடுத்தார்கள். எனக்கும் அரை டம்ளர் தருவார்களா என்று நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். தரவில்லை. அந்தத் தண்ணீரை அவ்வளவு நல்ல பொருள் என்று நினைத்திருந்ததால், அதன் முடிவாக நர்ஸ் அம்மா சொன்னது எனக்குப் புரியவே இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதாம். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது வருகிற சர்க்கரையாம். பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா இளவயதுக்காரர். பேச்சில் மிச்சம் மீதி வைக்காதவர். அரிசிச் சோறு, இட்லி, தோசை, ரவை, மைதா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நிறுத்தச் சொன்னார். மைதா என்றபோது அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சிறுதானியம் ஏதாவது சாப்பிடலாம், அதுவும் அளவாக. பதினைந்து நாள் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். சர்க்கரை இறங்காவிட்டால் தினமும் ஊசி. அதற்கும் அடங்காவிட்டால் குழந்தை அளவுக்கு மீறி வளர்ந்துவிடும், பிறந்ததும் மூச்சுக்குத் திணறும் என்றார்.

திரும்பி வந்த அன்று மத்தியானம் அம்மா சோற்றுப் பானையின் மூடியைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மூடினாள். மூன்று வேளையும் சோறு தின்று வளர்ந்தவள். எங்கள் பக்கத்தில் அரிசி வேண்டாமென்றால் அடுத்தது கேழ்வரகுக் களிதான். ஆனால் மூன்றாம் மாதத்திலிருந்து அம்மாவுக்குக் கேழ்வரகு வாடையே ஆகவில்லை. பக்கத்து வீட்டில் களி கிண்டினால் எங்கள் வீட்டு ஜன்னலைச் சாத்திவிடுவோம். அப்படித்தான் சாமை எங்கள் வீட்டுக்குள் வந்தது. வத்தல்மலையில் விளைகிறது, மலைக்காரர்கள் ஆக்கித் தின்கிறார்கள் என்பது பேச்சுவாக்கில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் தெருவில் யாரும் ஆக்கிப் பார்த்ததில்லை. தருமபுரிச் சந்தையில் மலையிலிருந்து இறங்கி வந்து விற்கிற ஒரு அக்காவிடம் அப்பா இரண்டு படி வாங்கிவந்து கொடுத்துவிட்டு, வழக்கம்போல் வேலைக்குப் போய்விட்டார்.

அம்மா அதை அரிசி மாதிரியே நினைத்துக் குக்கரில் போட்டு மூன்று விசில் விட்டாள். திறந்தபோது சினிமா போஸ்டர் ஒட்டுகிற பசை மாதிரி ஒன்று இருந்தது. வாயில் வைத்தால் பல்லுக்குப் பல் மணல் கடிபட்டது. மறுநாள் தண்ணீரைக் குறைத்தாள். அது வேகாமல் கிளிக்குப் போடுகிற தினை மாதிரி தட்டில் ஓடியது. மூன்றாம் நாள் அவள் ஆக்கவே இல்லை. மோரும் கொஞ்சம் சுண்டலுமாக நாளை ஓட்டினாள். அன்று சாயங்காலம் தைத்துக்கொண்டிருந்தவள் எழுந்திருக்க முயன்று, கண் இருட்டி, மிஷினைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் ஓடிவந்தார்கள். யாரோ அப்பாவுக்குப் போன் செய்தார்கள். கை நிறைய மாவோடு அப்பா வந்து நின்றார்.

மறுநாள் காலையில்தான் அவர் அடுப்பைப் பற்றவைத்தார்.

என் சத்தத்தில் எழுந்துவந்த அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா கைலியை மடித்துக் கட்டி, தலையில் துண்டு சுற்றி, எங்கள் வீட்டிலிருந்த ஒரே வாணலியை வெறுப்போடு திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாங்க இது? தெருவுல பாத்தா என்னா நெனப்பாங்க?" என்றாள் அம்மா.

"நீ போயி உக்காரு. முந்நூறு பேருக்கு ஆக்கிப் போடறவன், ஒரு ஆளுக்கு ஆக்க மாட்டனா?"

முந்நூறு பேருக்கு ஆக்குவது சுலபம் என்று அவருக்கு அன்றைக்கே தெரிந்துபோனது. ஓட்டல் முதலாளியிடம் சொல்லி, இனி சாயங்காலம் மட்டும் வருவதாக ஏற்பாடு செய்துகொண்டார். காலையும் மத்தியானமும் சாமையோடு மல்லுக்கட்டினார். முதல் நாள் ஃபிரைடு ரைஸ் போலக் கிண்டினார். அடியில் கருகி மேலே பச்சையாக இருந்தது. அடுத்த நாள் பிரியாணி மாதிரி தம் போட்டார். வாசனை தெரு முழுக்கப் போனது. வாயில் வைத்தால் மசாலா தனியாக நின்றது, சாமை தனியாக நின்றது. மூன்றாவது நாள் சால்னாவில் போட்டுக் கொதிக்கவைத்ததைத் தின்ற அம்மா, இரண்டாவது வாயிலேயே எழுந்து பின்பக்கம் ஓடினாள். குமட்டுகிற சத்தம் உள்ளே கேட்டது. அப்பா கரண்டியோடு நின்றார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தட்டைத் திருப்பி அனுப்புகிற வாடிக்கையாளரை அவர் அதுவரை சந்தித்திருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

நான்காவது நாளிலிருந்து பள்ளிக்கூடம் விடுமுறை. அம்மா குளிக்கப் போயிருந்தாள். அப்பா ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்தார். அதில் நொய் இருந்தது. அரிசி உடைந்து சாமை பருமனுக்கு ஆகியிருக்கிற நொய். ஒரு பிடி எடுத்துச் சாமையில் போட்டுப் பிசறினார். எது சாமை, எது நொய் என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"அப்பா, அரிசி!" என்றேன்.

"சத்தம் போடாத பாப்பா. ஒரு புடிதான். இது மாஸ்டர் வேல. பரோட்டா மாவுல பால் ஊத்தறோம், திங்கறவனுக்குச் சொல்லிட்டா ஊத்தறோம்? ருசியாத்தான இருக்குதுன்றான்? அம்மாகிட்டச் சொல்லிராத."

எனக்கு அது பெருமையாக இருந்தது. அப்பா என்னை முதல்முறையாக ஒரு வேலைக்குச் சேர்த்துக்கொண்டிருந்தார். பாட்டிலை மாவு கிரைண்டருக்குப் பின்னால் ஒளித்துவைக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அன்றைய சோறு பொலபொலவென்று மெத்தென்று வந்தது. வறுத்த கடலையும் சின்ன வெங்காயமும் தாளித்துப் போட்டிருந்தார். அம்மா ஒரு வாய் வைத்தாள். மென்றாள். ஒரு கணம் மெல்லுவதை நிறுத்தினாள். பிறகு அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"சூப்பரா இருக்குதுங்க," என்றாள்.

அப்பா பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். அவள் கடைசிப் பருக்கை வரைக்கும் தின்று முடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த ஆறு நாளும் அப்படித்தான். அவர் ஆக்குவார், அவள் தின்பாள், அவர் பக்கெட்டில் உட்கார்ந்து ஓட்டல் கதைகளைச் சொல்வார். கர்நாடகாக்காரர் ஒருவர் பரோட்டாவுக்குச் சர்க்கரை கேட்டது, கிளீனர் ஒருவன் பதினேழு பரோட்டா தின்றுவிட்டு மயங்கியது. அம்மா சிரிக்கும்போது வயிற்றைக் கையால் தாங்கிக்கொள்வாள். ஜாக்கெட் தைக்கும்போது பாட்டு முணுமுணுத்தாள். சாமை உடம்புக்கு எவ்வளவு நல்லது என்று நான் வியந்துபோனேன்.

ஒரு பிடி நொய் இரண்டு பிடி ஆனது. பிறகு பாதிக்குப் பாதி. அப்பா அதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. அம்மா "இன்னும் கொஞ்சம் போடுங்க" என்று தட்டை நீட்டும்போதெல்லாம் அடுத்த நாள் அவர் கை தாராளமாகிவிடும்.

பதினைந்தாம் நாள் மூவரும் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். அப்பா இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார். பரிசு வாங்கப் போகிறவர்போல் இருந்தார். ரத்தம் எடுத்து முடிந்ததும் டாக்டரம்மா சோதனைச் சீட்டைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். போன தடவையின் சீட்டை எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ஏறியிருக்கும்மா. இறங்கவே இல்ல, ஏறியிருக்கு," என்றார். "என்ன சாப்பிட்டீங்க?"



"சாமைதாங்க," என்றார் அப்பா. அவர் குரல் அவ்வளவு மெலிதாக ஒலித்து நான் கேட்டதில்லை.

"சாமை மட்டும் அளவா சாப்பிட்டா இப்படி ஏறாது. அரிசி சாப்பிட்டீங்களா இல்லையா? குழந்தை விஷயம். மறைக்காதீங்க."

எனக்கு அந்த ஹார்லிக்ஸ் பாட்டில் நினைவுக்கு வந்தது. அப்பாவைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்துக் கிடந்தது. இஸ்திரிச் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். 

"ஆமாங்க டாக்டர்," என்றாள் அம்மா. "நாந்தான் திருட்டுத்தனமா சோறு தின்னுட்டேன். இவருக்குத் தெரியாது. இவரு பாவம், சாமைதான் ஆக்கிக் குடுத்தாரு."

நான் அம்மாவை அண்ணாந்து பார்த்தேன். அம்மா சோறு தின்னவில்லை. ஒரு பருக்கை தின்னவில்லை. வீட்டிலேயே இருந்த எனக்கு அது தெரியும். பொய் சொன்னால் வாயில் சூடு வைப்பேன் என்று என்னை மிரட்டுகிறவள், வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவரின் முகத்தை நேராகப் பார்த்து, தன் மேலேயே ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா திட்டத் தொடங்கினார். படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, நாக்கை அடக்க முடியாதா, உள்ளே இருக்கிற உயிரைப் பற்றி நினைப்பில்லையா என்று நிறுத்தாமல் திட்டினார். அம்மா தலையைக் குனிந்தபடி ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்க" என்றாள். நெடுஞ்சாலையே அதிர லாரிக்காரர்களோடு சண்டை போடும் அப்பா, சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எது பெரிய அதிர்ச்சி, அம்மா சொன்ன பொய்யா, அப்பா சொல்லாத உண்மையா என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை.

அன்றைக்கே ஊசி ஆரம்பித்தார்கள். வயிற்றில் எப்படிப் போட்டுக்கொள்வது என்று அம்மாவுக்கு ஒரு நர்ஸ் சொல்லிக் கொடுத்தார். அதைப் பார்க்க முடியாமல் அப்பா வெளியே போய்விட்டார்.

டவுன் பஸ்ஸில் எனக்கும் அம்மாவுக்கும் இடம் கிடைத்தது. அப்பா பின்னால் கம்பியைப் பிடித்து நின்றார். பாரதிபுரம் தாண்டியதும் என்னால் அடக்க முடியவில்லை. அம்மாவின் காதில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஹார்லிக்ஸ் பாட்டில், நொய், மாவு கிரைண்டருக்குப் பின்னால் ஒளித்தது நான்தான் என்பது வரை. அழுதேன்.

அம்மா என் வாயை உள்ளங்கையால் பொத்தினாள். "தெரியும்டி," என்றாள்.

"எப்பருந்து?"

"மொத நாளே. நொய்க் கஞ்சி குடிச்சு வளந்தவ நானு. வாயில வெச்சா தெரியாதா?"

எனக்கு அழுகை நின்றுபோனது. "அப்பறம் ஏம்மா தின்ன?"

 அம்மா தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு புடிதானேன்னு நெனச்சிட்டேன்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு திரும்பிப் பார்த்து, "அங்க பாரு, அப்பாவுக்கும் எடம் கெடச்சிருச்சி," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. இடம் கிடைத்ததற்கு ஏன் கண் கலங்க வேண்டும் என்று தெரியாமல் நானும் திரும்பிப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா பாட்டிலை எடுத்துப் பின்பக்கம் போனார். நொய் முழுவதையும் பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குக் கொட்டினார். கோழிகள் கொத்தி முடிக்கும்வரை அங்கேயே குந்தியிருந்தார். உள்ளே வந்து, "நாந்தான்..." என்று தொடங்கினார்.

"மாவு பெசைய நேரமாச்சி, கெளம்புங்க," என்றாள் அம்மா.

அவர் கிளம்பவில்லை. அன்றைக்கு லீவு போட்டுவிட்டுச் சந்தைக்குப் போய், அந்த மலைக்கார அக்காவைத் தேடிப் பிடித்திருக்கிறார். முதல் தடவை படி என்ன விலை என்று மட்டும் கேட்டவர், இந்தத் தடவை எப்படி ஆக்குவது என்று கேட்டார். பத்து வருசமாக மாஸ்டராக இருக்கிறவர் கேட்டார். அந்த அக்கா சிரித்துவிட்டு, "அரிசின்னு நெனச்சா அது உங்களுக்கு மசியாதுங்க. அதுக்குன்னு ஒரு பதம் இருக்குது," என்றாராம். இதை அப்பாவே வந்து எங்களிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உண்மையான சமையல். தண்ணீரில் சாமையை அரித்து அரித்து, மணல் அடியில் தங்க, மேலாக வடித்தெடுத்தார். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு பாத்திரத்தின் அடியில் கல் மின்னுகிறதா என்று பார்த்தேன். அரை மணி நேரம் ஊறவைத்தார். குக்கரைத் தொடவில்லை. தண்ணீர் கொதித்த பிறகு சாமையைப் போட்டு, தீயைக் குறைத்து, ஈரம் இருக்கும்போதே அடுப்பை அணைத்து, மூடியை எடுக்காமல் விட்டார். அந்த மூடியை எடுக்காமல் இருப்பதுதான் அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. கல்லில் போட்டதை ஒரு நிமிடத்துக்கு நான்கு முறை திருப்பிப் பழகிய கை. மூடியைப் பார்த்துக்கொண்டு கைகளை அக்குளில் சொருகிக்கொண்டு நிற்பார். பிறகு அகலத் தட்டில் கொட்டி, விரலால் உதிர்த்து ஆறவிடுவார். முதல் இரண்டு தடவை குழைந்தது. அடுத்த இரண்டு தடவை விறைத்தது. ஒவ்வொன்றையும் அவரே உட்கார்ந்து தின்று தீர்த்தார்.

ஐந்தாவது தடவை உதிர்ந்தது. அதில் ஒரு சின்னக் கரண்டி மட்டும் எடுத்து, அதைவிட இரண்டு மடங்கு பீன்ஸும் முருங்கைக்கீரையும் வதக்கிச் சேர்த்து, பூண்டு தட்டிப் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்து அம்மாவிடம் நீட்டினார். பக்கெட்டில் உட்காரவில்லை. நின்றபடியே இருந்தார்.

அம்மா மென்றாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"உப்பு கம்மி," என்றாள். "கீர கொஞ்சம் முத்தல். சாமை நல்லா வந்திருக்குது."

அப்பா கோபப்படப் போகிறார் என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவரோ வாய்விட்டுச் சிரித்தார். அத்தனை நாள் "சூப்பர்" என்று கேட்டபோதெல்லாம் சிரிக்காத அளவுக்குச் சிரித்தார். குறை சொன்னதற்குச் சிரிக்கிற ஆளை அன்றுதான் பார்த்தேன். உப்பு டப்பாவை எடுக்கத் திரும்பியவர், எடுக்காமல் அப்படியே அடுப்பைப் பார்த்தபடி நின்றுவிட்டார். தோள் மட்டும் குலுங்கியது. அம்மா எழுந்துபோய் உப்பைத் தானே போட்டுக்கொண்டாள்.

சர்க்கரை இறங்கியது. ஊசியும் சேர்ந்துதான் இறக்கியது என்று டாக்டரம்மா சொன்னார். ஆனால் சாமை எப்படி ஆக்குகிறீர்கள் என்று கேட்டு ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார். கடைசி மாதத்தில் ஆபரேஷன் செய்துதான் தம்பியை எடுத்தார்கள். கொஞ்சம் பெரிய குழந்தைதான். ஒரு நாள் முழுக்க அவனைத் தனியறையில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஒரு நாளில் அப்பா மூன்று வாய்கூடச் சாப்பிட்டிருக்கமாட்டார். மறுநாள் அவனைக் கொண்டுவந்து அம்மாவின் பக்கத்தில் போட்டார்கள். அவன் வீறிட்டு அழுததைக் கேட்டு அப்பா வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டார்.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் பாப்பிரெட்டிப்பட்டிக்காரப் பெண் ஒருவர் இருந்தார். அம்மாவிடம், புகுந்த வீட்டிலா பிறந்த வீட்டிலா, யார் ஆக்கிப் போட்டு உங்களைப் பார்த்துக்கொண்டது என்று கேட்டார்.

அம்மாவுக்குப் பேச முடியாத அளவுக்குத் தையல் வலி. ஆனால் அந்தக் கேள்விக்குத் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். வார்டில் இருந்த எட்டுக் கட்டிலுக்கும் கேட்கிறமாதிரி பதில் சொன்னாள்.

"எங்க வூட்டுக்காரருதாங்க. மூணு மாசமா, மொத நாள்லருந்து கடைசி நாள் வரைக்கும், ஒரு வேள விடாம அவருதான் ஆக்கிப் போட்டாரு. அவர் ஆக்குன சாமைய நீங்க தின்னு பாக்கணும்."

அந்தப் பெண் தன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். இன்னும் இரண்டு கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கதையின் மிச்சத்தை அம்மா சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். கருகியது, குமட்டியது, நொய், டாக்டரம்மா திட்டியது, ஊசி எல்லாம் இன்னும் பாக்கி இருந்தன. அவள் எதையும் சொல்லவில்லை. அந்த முதல் பத்து நாளையும் மற்ற நாட்களோடு சேர்த்தே எண்ணிச் சொல்லிவிட்டு, களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டாள். முகத்தில் சிரிப்பு இருந்தது.

ஆபரேஷனில் அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்று எனக்குத் திக்கென்றது. இதை அப்பாவிடம் சொல்லலாமா, டாக்டரம்மாவிடம் சொல்லலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். கடைசியில் யாரும் பார்க்காதபோது குனிந்து தம்பியின் காதில் மட்டும் சொல்லிவைத்தேன்.